பனியுறை

மாமியாரைச் சமாளித்துவிடும் மருமகள்கள்கூட ஊட்டியில் தயிரிடம் தோற்றுப்போவார்கள். கீழே கோயம்புத்தூரில் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கரண்டி உறை ஊற்றி மூடிவிட்டுப் படுத்தால் காலையில் தயிர் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். மலைக்கு மேலே அந்தப் பாச்சா பலிக்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிப் பார்ப்பார்கள், அரிசி டின்னுக்குள் புதைத்துப் பார்ப்பார்கள், அடுப்போரம் வைத்துக் காவல் காப்பார்கள். மார்கழி மாதத்தில் எதற்கும் மசியாமல் பால் பாலாகவே கிடக்கும்.

இந்தத் தலைவலிக்கு முடிவு கட்டியவள் சுடர்க்கொடி. நுண்ணுயிரியல் படித்தவள். ஊட்டியில் நீலாம்பரி என்ற நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் தலைவி. இமயமலையில் ஏதோ ஒரு பனிப்பாறையின் அடிச்சேற்றில், வெயில் என்றால் என்னவென்றே தெரியாமல் சாவகாசமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு கிருமியைக் கொண்டுவந்து, அதற்குத் தயிர் தோய்க்கக் கற்றுக்கொடுத்தாள். அதற்கு முன்பே அதே கிருமி சுரக்கும் நொதியை எடுத்து, பச்சைத் தண்ணீரிலேயே எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் சலவைத் தூள் செய்திருந்தார்கள். தூள் நன்றாகத்தான் விற்றது. ஆனால் சலவைத் தூள் செய்தவளுக்கு யார் கும்பிடு போடப்போகிறார்கள்? 'பனியுறை' என்ற சின்னப் பொட்டலம் கடைக்கு வந்தபோதுதான் மலை முழுக்க அவள் பேர் அடிபட்டது. பாலில் கலந்து நேராக ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டியது. சாயங்காலம் எடுத்தால் கட்டித் தயிர். லேசாக வெள்ளரிப் பிஞ்சு வாசம் வரும், அவ்வளவுதான்.

முதல் பொட்டலத்தை அவள் குன்னூருக்கு, தங்கை முல்லைக்கொடியின் வீட்டுக்குத்தான் எடுத்துப்போனாள். முல்லையின் மாமியார் வசந்தாமணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, ஐஸ்ல வச்சா எல்லாம் விறைச்சுப் போகுமே. இது மட்டும் எப்படிப் பொழைக்குது?"

"உங்க அலமாரியில தேங்காய் எண்ணெய் இருக்குல்ல அத்தை, இப்ப எப்படி இருக்கு?"

"கல்லாட்டம் கெடக்குது. சொரண்டித்தான் எடுக்கோணும்."

"நல்லெண்ணெய்?"

"அதுக்கென்ன, எப்பவும்போல ஊத்துது."

"அவ்வளவுதான் விஷயம். மத்த கிருமிக்கெல்லாம் மேல்தோல் தேங்காய் எண்ணெய் மாதிரி. குளிர்ல கட்டிப்போயிடும், உள்ள எதுவும் போகாது, வெளிய எதுவும் வராது. இதுக்கு நல்லெண்ணெய்த் தோல். அப்புறம் ஒரு புரதம் வச்சிருக்கு. உடம்புத் தண்ணி ஐஸ் ஊசியா வளர ஆரம்பிச்சா, ஓடிப்போய் அந்த ஊசி முனையில ஒட்டிக்கும், மேல வளர விடாது. உள்ள வேலை பாக்குற நொதியெல்லாம் இறுக்கமில்லாம தொளதொளன்னு இருக்கும். அதனால நடுங்குற குளிர்லயும் அசைய முடியுது."

"அப்ப சூட்டுல?"

"அந்தத் தொளதொளப்பே சூட்டுல அதுக்கு எமன். குலைஞ்சு போயிடும். மேட்டுப்பாளையம் வெயில்ல அரை நாள் தாங்காது. தப்பிச்சு ஓடினாலும் பயமில்ல அத்தை, நமக்கு வெயில்தான் காவல்."

"எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாரு. மலையெறங்கினா அன்னிக்கே படுத்துக்குவாரு," என்று வசந்தாமணி சிரித்தார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் ஓடியது. முல்லைக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கையில் ஏந்திவிடலாம், அவ்வளவுதான் உருவம். ஊட்டி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாகக் குழாய் செருகி, அதில் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இப்படி அவசரப்பட்டு வந்துவிட்ட குழந்தைகளுக்குக் குடல் இன்னும் முற்றியிருக்காது. டப்பாப் பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் வயிறு உப்பும், குடலே அழுகினாலும் அழுகிவிடும். "உன் பால்தான்மா மருந்து. நாங்க குடுக்குறதெல்லாம் அப்புறம்," என்று நர்ஸ் ஜெசிந்தா சொன்னதை முல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தாய்மார்களுக்கு அங்கே பகலில் உட்கார ஓர் அறை உண்டு, தங்கப் படுக்கை கிடையாது. அதனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஒரு வேளை தவறாமல் பாலை எடுத்துப் பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஐஸ் பெட்டியோடு முதல் பஸ்ஸில் ஏறினாள். பச்சை உடம்புக்காரி, அந்த வளைவுப் பாதையில்.

ஒரு சனிக்கிழமை காலை, சுடர்க்கொடி குழந்தையைப் பார்க்க வந்தபோது முல்லை அவளைத் தாழ்வாரத்து மூலைக்கு இழுத்துப்போனாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிராத."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பால் விழவில்லை. கட்டியாக அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"எப்ப எடுத்தது?"

"நேத்து சாயங்காலம். எடுத்த உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். இந்த வாரம் பூரா இப்படித்தான் ஆகுது. பகல்ல இங்க எடுக்கிறதைத்தான் பாப்பாவுக்கு விடுறாங்க. டாக்டர் பாட்டில் சுத்தமில்லன்னு எல்லார் முன்னாடியும் திட்டிட்டார். கொதிக்கக் கொதிக்கத்தான் கழுவுறேன்க்கா, கையைப் பாரு." விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும். 'நம்ம ஊட்டுல ஆருக்கும் பாலு இப்படித் திரிஞ்சதில்லையே'ன்னாங்க. திட்டக்கூட இல்ல. சொல்லிட்டு அழுதாங்க. திட்டியிருந்தாத் தாங்கிக்குவேன்."

சுடர்க்கொடி மூடியைத் திறந்தாள். வெள்ளரிப் பிஞ்சை ஒடித்த வாசம் வந்தது.

அந்த வாசத்தை உலகத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் மனசு உடனே வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. இருக்காது. பால் வருவது உடம்புச் சூட்டில். அது படுகிற கையும் சூடு. கொதித்த பாட்டிலும் சூடு. அத்தனை சூட்டைக் கடந்து அந்தக் கிருமி உயிரோடு வரவே முடியாது. வாசம் வேறு ஏதாவதாக இருக்கும். "குடு, டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்," என்று பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாலைத் தட்டுகளில் தடவி, ஒன்றைக் குளிரிலும், ஒன்றை அறைச் சூட்டிலும், ஒன்றை மனித உடம்பின் சூட்டிலும் வைத்தாள். மூன்றாவது தட்டு துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருக்க வேண்டும். பனியுறை கடைக்குப் போக அனுமதி கிடைத்ததே அந்த வெற்றுத் தட்டைக் காட்டித்தான். செவ்வாய்க்கிழமை காலை எடுத்துப் பார்த்தாள். மூன்று தட்டும் ஒன்றுபோலப் பூத்துக் கிடந்தன. கிருமியின் மரபுக் குறியைச் சரிபார்த்தாள். அவளே செருகிய அடையாளம் அப்படியே இருந்தது. அவள் பெற்றதுதான். சூடு பழகிவிட்டது, குளிரையும் மறக்கவில்லை.

நிறுவனத்தின் முதலாளி ஞானதுரை தங்கமான மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலையாட்கள் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட நேரில் வந்து நிற்கிறவர். அவள் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"ஆளைக் கொல்லுமாம்மா?"

"நல்ல உடம்புக்கு ஒண்ணும் செய்யாது சார். பாலைத்தான் உறைய வைக்கும். ஆனா அந்த வார்டுல இருக்கிற குழந்தைங்களுக்கு..."

"இப்ப நீ வெளிய போய், ஃப்ரிட்ஜ்லயும் சாகாது, உடம்புச் சூட்டுலயும் சாகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? தடுப்பூசி, ரத்தம், இன்சுலின், எல்லாம் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. இது அதையெல்லாம் தொடாதுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜனங்களுக்கு? ஊசி போடவே பயந்துக்கிட்டு ஓடுவாங்க. எங்கிருந்து மாறுச்சு, எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு கண்டுபிடி. மருந்தையும் கையில வச்சுக்கிட்டுப் பேசுவோம். ஒரு வாரம் குடும்மா."

பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் வினை. நியாயமில்லாத பேச்சாக இருந்திருந்தால் அவளும் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நியாயம் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாகிவிட்டது. சரி சார் என்றாள்.

அன்று மத்தியானம் முல்லைக்குப் போன் போட்டாள்.

"ரிசல்ட் இன்னும் வரலடி. அதுவரைக்கும் உன் பாலைக் குடுக்க வேண்டாம்."

"என் பாலையா?" என்று முல்லை கேட்டாள்.

"ஆமா. சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்," என்று சொல்லி வைத்துவிட்டாள். ஃப்ரிட்ஜில் வைத்த பாலை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஃப்ரிட்ஜில் என்ன என்று அடுத்த கேள்வி வருமே என்று பயந்தாள்.

சனிக்கிழமை காலை, வீடு வீடாகத் தயிர் மாதிரி எடுக்கக் கிளம்பியவள் முதலில் போனது வசந்தாமணியின் சமையலறைக்கு. முல்லை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். தயிர்ச் சட்டி அடுப்புக்குப் பக்கத்தில், தோசைக்கல் சூட்டில் உட்கார்ந்திருந்தது.

"ஏன் அத்தை, ஃப்ரிட்ஜ்ல வைக்கலையா?"

"பாலை உறைய வைக்கிறது உள்ளதான் கண்ணு. உறைஞ்சதுக்கப்புறம் வெளிய எடுத்துருவோம்ல. நீதான எழுதியிருக்கறே?" வசந்தாமணி சுவரில் ஒட்டி வைத்திருந்த பழைய பொட்டல உறையைக் காட்டிப் பெருமையாக வாசித்தார். "'மீண்டும் உறைய வைக்காதீர்கள்.' ஒருக்கா குளிர்ல உறைஞ்சதைத் திரும்பக் குளிருக்குள்ள வைக்கப்படாதுன்னு இந்தத் தெருவுக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் அடுப்போரந்தான் வக்கிறோம்."

சுடர்க்கொடி கிட்டே போய் அந்த வரியைப் படித்தாள். அந்த வாக்கியத்தை எழுதியவள் அவளேதான். இந்தத் தயிரை எடுத்து மறுபடி உறை ஊற்றாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதினாள். தயிர் தோய்வதும் உறைவதுதான், தண்ணீர் பனிக்கட்டியாவதும் உறைவதுதான். ஐஸ்கிரீம் டப்பாவில் இதையே படித்துப் பழகிய ஜனங்கள் ஐஸ்கிரீம் டப்பாவைப் போலவே படித்துக்கொண்டார்கள். சொன்ன சொல் தட்டாமல் தினம் தினம் அதை வெளியே எடுத்துச் சூட்டில் வைத்துப் பழக்கிவிட்டார்கள்.

"அத்தை, புதுப் பொட்டலம் எப்ப வாங்கினீங்க?"

"புதுசு எதுக்குச் சாமி? நீ குடுத்த அதே உறைதான் இன்னும் ஓடுது. நேத்துத் தயிர்ல ஒரு கரண்டி இன்னிக்கு, இன்னிக்கதுல ஒரு கரண்டி நாளைக்கு. பக்கத்து ஊட்டுக்கெல்லாம் குடுத்தாச்சு. மேட்டுப்பாளையத்துல எந் தங்கச்சிக்கும் குடுத்துவிட்டேன். மொதல்ல ரெண்டு மூணு தடவை அங்க நீத்துப் போச்சாம். அவளும் விடலையே! அப்புறம் புடிச்சுக்கிச்சு. அந்த உறையத்தான் நாந் திரும்ப வாங்கியாந்து இங்க ஊத்துறேன். அது இன்னும் கெட்டியா வருது."

வெயிலைக் காவலுக்கு வைத்தாளே, அந்த வெயிலிடமே போய்ப் பாடம் படித்துவிட்டு மலையேறி வந்திருக்கிறது. குளிர், சூடு, காற்று, உப்பு எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தவளுக்கு, இந்தத் தமிழ்நாட்டில் உறைக்காக இரண்டாம் தடவை கடைக்குப் போகிற பெண் ஒருத்திகூடக் கிடையாது என்பது மட்டும் தோன்றவில்லை. அவள் அம்மா போனதில்லை. அவளே போனதில்லை.

வாசலுக்கு வந்து ஞானதுரையைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். "நல்லா கண்டுபிடிச்சியேம்மா. செவ்வாய்க்கிழமை சேர்த்துப் பேசிக்கலாம்," என்றார். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தாள். மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்று வசந்தாமணி தூக்குப் பாத்திரத்தோடு காரில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜெசிந்தா எதிர்ப்பட்டாள். "டப்பாப் பால் சேரல மேடம். பாப்பா வயிறு உப்பியிருக்கு. காலையிலேருந்து பாலை நிறுத்திட்டு டிரிப்ஸ்லதான் வச்சிருக்கோம்."

தாய்மார்கள் உட்காரும் அறையில் முல்லை ஜன்னலோரமாக இருந்தாள். குழாயடியில் யோகராணி, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண், யாருக்கும் முகம் காட்டாமல் ஒரு பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுடர்க்கொடி தங்கையைக் கட்டிக்கொண்டதும் குப்பென்று மல்லிகை வாசம் வந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "பரவால்லியே, பூவெல்லாம் வச்சிருக்க," என்று தலையைப் பார்த்தாள். தலையில் பூ இல்லை.

"தலைக்கு இல்லக்கா," என்றாள் முல்லை. "மாருக்கு. புள்ளைக்கு ஆகாத பாலை எதுக்குச் சுரக்க விடணும்? கட்டிக்கிட்டு நெருப்பா எரிஞ்சுது. அத்தைதான் மல்லிப்பூவை வச்சுக் கட்டி விட்டாங்க. பூ கட்டினா பால் வத்திரும்ல. இப்ப சொட்டுக்கூட இல்ல. வலியும் இல்ல."

சுடர்க்கொடி அங்கேயே பேசிவிட்டாள். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நின்றபடியே, அழுகையும் வார்த்தையுமாகக் கொட்டினாள். யார் பாலிலும் குறை இல்லை. யார் கையிலும் அழுக்கு இல்லை. தான் செய்த தயிர்க் கிருமி தயிர்ச் சட்டியோடு ஃப்ரிட்ஜுக்குள் புகுந்து, பக்கத்திலிருக்கும் பாலையும் உறைய வைக்கிறது. எடுத்த உடனே கொடுத்தால் ஒன்றும் இல்லை, எடுத்து வைத்தால்தான் குளிரிலும் பெருகிவிடும்.

குழாயடியில் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. "எனக்கும் அப்புடித்தாங்க ஆச்சு," என்றாள் யோகராணி. "எங்க வீட்ல சொன்னா என்னையத்தான் ஏசுவாங்கன்னு தெனமும் இங்க வந்து ஊத்திட்டுக் கழுவிட்டு இருக்கேன்." இன்னொருத்தி தலையைத் தூக்கினாள். அவளுக்கும் அதே கதை. ஒரே அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தவர்கள், ஒவ்வொருத்தியும் தன் பால்தான் கெட்டது என்று நினைத்து அடுத்தவளுக்குத் தெரியாமல் மறைத்துவைத்திருந்தார்கள். ஒருத்தி சுடர்க்கொடியின் தோளைப் பிடித்து உலுக்கி, "நீயெல்லாம் படிச்சவளா?" என்று கத்தினாள். சுடர்க்கொடி அந்த உலுக்கலுக்குத் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

வசந்தாமணிக்கு விஷயம் ஏற ரொம்ப நேரமாகவில்லை. "நான் ஊத்தின உறையா? எங் கையாலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டவர், முல்லையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உம் பாலைக் கொறை சொன்னனே சாமி. என்ற நாக்கு அழுகிப் போகோணும்."

"உங்க மேல தப்பில்ல அத்தை. நான் எழுதின வார்த்தை," என்றாள் சுடர்க்கொடி.

ஜெசிந்தா ஓடிப்போய் வார்டு ஃப்ரிட்ஜிலிருந்த பாலையெல்லாம் கொட்டினாள். டாக்டர் வந்தார், கேட்டார், முல்லையிடம் மன்னிப்புக் கேட்டார். வயிறு வடிந்ததும் பாப்பாவுக்கு மறுபடி தாய்ப்பாலே தொடங்க வேண்டும் என்றார். "எனக்கு நெறைய இருக்குங்க டாக்டர். அந்தப் புள்ளைக்கும் நான் எடுத்துக் குடுக்கிறேன்," என்றாள் யோகராணி. அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, எடுத்த சூட்டிலேயே கொடுக்கலாம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஞானதுரையாக இருக்கும். சுடர்க்கொடி அதை அணைத்துப் போட்டாள். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவளுக்கு லேசாகத்தான் இருந்தது. வேலை போகும், பேர் போகும், போகட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு முல்லை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. அக்காவின் கையை எடுத்து மடியில்கூட வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உனக்கு இது எப்பத் தெரியும்?"

இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. சுடர்க்கொடியால் முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை."

"எனக்குப் போன் பண்ணினியே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான். பண்றதுக்கு முன்னாடியே."

முல்லை தலையை ஆட்டினாள். பிறகு அக்காவின் கையை மெதுவாக மடியிலிருந்து எடுத்து, அவளிடமே திருப்பி வைத்தாள்.

"பூ வச்சுக் கட்டினது வியாழக்கிழமைக்கா," என்றாள். "புதன்கிழமை பூரா எனக்குப் பால் இருந்துச்சு."